மூக்கு நுனியில் மஞ்சள்

ஏரிக்கரையில் நின்றுகொண்டு, தண்ணீரில் மிதப்பது என்ன பறவை என்று கேட்டால் செங்கல்பட்டுப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: வாத்து. நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழியும் வாத்து. உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருக்கும் முக்குளிப்பான், வாத்துக் குஞ்சு. உடம்பை நீருக்குள் அமிழ்த்திக் கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு போகும் நீர்க்காகமும் சில நேரம் வாத்தாகிவிடும். மூன்றுமே வாத்துக் குடும்பம் இல்லை. நாமக்கோழி கானாங்கோழிக்குச் சொந்தம். முக்குளிப்பான் தனிக் குலம். நீர்க்காகத்துக்கும் வாத்துக்கும் பொதுவாக இருப்பது தண்ணீரும் விரலிடைத் தோலும்தான்.

நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு மார்கழிக் காலையில் மதகைப் பார்க்க வந்த, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டி ஒருவர்தான் என்னைத் திருத்தினார். தூரத்தில் அல்லி இலைகளுக்கு நடுவே பழுப்பாக நாலைந்து பறவைகள். என் கையில் பைனாகுலர், அவர் கையில் மண்வெட்டி. "மூக்கு நுனியப் பாரு தம்பி. மஞ்சள்ல தொட்டு எடுத்தாப்ல இருக்கும். இது சீமையிலேருந்து வந்தது இல்ல, நம்ம ஏரியோடது" என்றார். பார்த்தேன். கறுப்பு அலகு, அதன் நுனியில் மட்டும் பளிச்சென்று மஞ்சள்.

புத்தகங்களில் அதன் பெயர் புள்ளிமூக்கு வாத்து. அறிவியல் பெயர் அனாஸ் பொயிசிலோரிங்கா. 1781இல் அந்தப் பெயரை வைத்தவர் ஜோஹான் ரெயின்ஹோல்ட் ஃபார்ஸ்டர். கேப்டன் குக்கின் இரண்டாவது கடல் பயணத்தில் இயற்கையியலாளராகப் போனவர் அவர். கிரேக்கத்தில் பொய்கிலோஸ் என்றால் பல நிறம் கொண்ட, புள்ளி போட்ட. ரிங்கோஸ் என்றால் அலகு. அலகு முகத்தோடு சேரும் இடத்தில் இரு புறமும் ஒவ்வொரு செம்பொட்டு இருக்கும். பெயருக்குக் காரணம் அதுதான். ஆனால் பெயரை நம்பிப் புள்ளியைத் தேடினால் ஏமாந்துபோவோம். நூறு மீட்டர் தள்ளி நிற்கும் பறவையில் அந்தப் பொட்டு கண்ணுக்குச் சிக்காது. பெண் வாத்துக்கு அது மங்கல். இளம் பறவைக்கு இல்லை என்றே சொல்லிவிடலாம். இணை சேரும் காலத்து ஆணுக்குத்தான் புடைத்துச் சிவந்து நிற்கும். புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் புள்ளியை மறந்துவிட்டு நீர்க்கட்டி சொன்ன மஞ்சள் நுனியைப் பாருங்கள். நம்மூர் ஏரியில் வேறு எந்த வாத்துக்கும் அப்படி ஓர் அலகு கிடையாது.

அலகை இறகுக்குள் செருகித் தூங்கிக்கொண்டிருந்தால்? அப்போது முதுகைப் பார்க்க வேண்டும். உடல் முழுக்க மீன் செதில் அடுக்கியதுபோல் பழுப்பும் வெளிர் ஓரமுமாக இருக்கும். வாலுக்குச் சற்று முன்னால், மடக்கிய சிறகின் மேல், சுண்ணாம்பு தடவியதுபோல் ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். கரையேறி நின்றால் கால்கள் செம்மஞ்சள். கண் வழியாக ஒரு கறுப்புக் கோடு ஓடும். பறக்கும்போது சிறகில் ஒரு பச்சைக் கட்டம் மின்னும். அது சாயம் இல்லை. இறகு இழைகளுக்குள் மெலனின் துகள்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கில் பட்டுத் திரும்பும் ஒளிதான் பச்சையாகத் தெரிகிறது. மயில் தோகைக்கும் இதே வித்தைதான். வெயில் படும் கோணம் மாறினால் அதே கட்டம் நீலமாகவோ கறுப்பாகவோ ஆகிவிடும் என்பதால் பச்சை தெரியவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

நல்ல பெரிய பறவை இது. நீளம் 55 முதல் 63 சென்டிமீட்டர், எடை முக்கால் கிலோவுக்குச் சற்று மேலிருந்து ஒன்றரைக் கிலோ வரை. பக்கத்தில் நீலச்சிறகியோ கிளுவையோ நின்றால் அண்ணன் தம்பி வித்தியாசம் தெரியும். அறுவடை முடிந்த வயல்களில் கூட்டம் கூட்டமாக ஓட்டிக்கொண்டு வந்து மேய்ப்பார்களே, அந்த நாட்டு வாத்துகளோடு இதைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. அவை வடநாடுகளின் பச்சைத்தலைக் காட்டு வாத்திலிருந்து பழக்கப்படுத்தி வந்தவை. ஆரணி வாத்தும் அந்த வழிதான். அந்தக் காட்டு மூதாதை தமிழ்நாட்டுக்கு வருவதே அபூர்வம். கனத்த பின்புறமும், ஆணுக்குச் சுருண்ட வாலிறகும் இருந்தால் அது பண்ணைப் பறவை. புள்ளிமூக்கு வாத்து அதற்கு ஒன்றுவிட்ட பங்காளி, அவ்வளவே.

ஒரு கேள்வி எனக்கு நெடுநாள் இருந்தது. ஐப்பசிக்கு மேல் வடக்கிலிருந்து வந்து இறங்கும் ஊசிவால் வாத்திலும் தட்டைவாயனிலும் ஆணின் உடையலங்காரம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். பெண் மட்டும் பழுப்பு. நம்ம ஏரிக்காரனுக்கு ஏன் ஆணும் பெண்ணும் ஒரே உடை? வலசை வரும் இனங்களில் ஆண்டுதோறும் புதிதாக இணை தேட வேண்டும். அதுவும் நாலைந்து இனங்கள் கலந்து மேயும் ஏரியில், குறுகிய காலத்துக்குள். பெண் தன் இனத்தைச் சரியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப் பளிச்சென்ற அடையாளம் உதவுகிறது. ஓரிடத்திலேயே தங்கும் இனத்துக்கு அந்த அவசரம் இல்லை. அதற்குக் கோரைக்குள் கண்ணில் படாமல் இருப்பதுதான் லாபம். ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் இது ஒன்று, எனக்குப் பிடித்ததும் இதுதான். வெப்ப நாடுகளில் நிலையாக வாழும் பல வாத்துகளிலும் ஆண், பெண் தோற்றம் ஒன்றுபோலவே இருப்பதை இது விளக்குகிறது. குரலில்தான் வேறுபாடு. உரக்க 'குவாக் குவாக்' என்று படிப்படியாக இறங்கும் தொனியில் கத்துவது பெண். ஆணின் மூச்சுக்குழல் முடியும் இடத்தில் ஓர் எலும்புக் குமிழ் இருப்பதால் அதன் குரல் அடைத்துக்கொண்டதுபோல் கரகரப்பாக வரும்.

இந்த வாத்தைப் புரிந்துகொள்ள ஓர் அளவு போதும்: ஒரு முழம். இது முங்கி மேயும் வாத்து அல்ல. தலையைக் கீழே கவிழ்த்து, வாலை வானத்தைப் பார்த்து நிமிர்த்தி, கால்களை அடித்துச் சமாளித்துக்கொண்டு அடிச்சேற்றைத் துழாவும். கழுத்தும் முன்னுடலும் எட்டும் ஆழம் ஏறத்தாழ ஒரு முழம். தண்ணீர் அதற்கு மேல் ஆழமானால் கீழே எத்தனை கிழங்கு இருந்தாலும் அதற்குப் பசிதான். அடிபட்டு உயிருக்குப் பயந்தால் மட்டும் முங்கும். அப்போது நீர்ப்பாசிக்குள் ஒளிந்து அலகை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும்.

சேற்றில் எதைத் தின்பது என்று அது கண்ணால் பார்ப்பதில்லை. அங்கே எதுவும் தெரியவும் தெரியாது. அலகின் நுனியில் நகம்போல் ஒரு கடினத் தகடு. அதைச் சுற்றித் தோலுக்கு அடியில், ஹெர்ப்ஸ்ட், கிராண்ட்ரி ஆகிய இருவர் பெயரால் அழைக்கப்படும் நுண்ணிய தொடு உணர் உறுப்புகள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. நாம் இருட்டில் பாத்திரத்துக்குள் கையை விட்டு இது உளுந்து, இது கல் என்று விரல் நுனியால் பிரிப்பதுபோல வாத்து அலகு நுனியால் பிரிக்கிறது. நாக்கு இங்கே ஒரு பம்பு. நுனி வழியாகச் சேற்று நீரை இழுத்து, அலகின் ஓரங்கள் வழியாக வெளியே தள்ளும். அந்த ஓரங்களில் சீப்புப் பற்கள்போல் மெல்லிய தகடுகள் வரிசையாக இருப்பதால் நீர் வெளியேறும், விதையும் புழுவும் நத்தையும் உள்ளே தங்கும். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கதையின் வேர் எங்கே என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்னத்தின் சொந்தக்காரனான இந்த வாத்து தினமும் நம் ஏரியில் பிரிக்கிற வேலை அதைவிடக் கடினமானது என்று நினைக்கிறேன்.

அலகு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதால் கண்ணுக்கு வேறு வேலை கிடைக்கிறது. பச்சைத்தலை வாத்தில் செய்த ஆய்வுகளில், தலையைத் திருப்பாமலே முன்னும் பின்னும் மேலும் பார்க்கக்கூடிய பார்வைப் பரப்பு அதற்கு இருப்பது தெரியவந்தது. கண்கள் தலையின் பக்கவாட்டில், உயரமாக அமைந்திருப்பதுதான் காரணம். நம் புள்ளிமூக்கனுக்கும் கண்ணின் இருப்பிடம் அதேதான். குளிர்கால ஏரிகளில் சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வரும்போது கவனியுங்கள். நாமக்கோழி தண்ணீரை மிதித்துத் தடதடவென்று ஓடித்தான் எழும்பும். புள்ளிமூக்கு வாத்துக்கு ஓட்டம் தேவையில்லை. இருந்த இடத்திலிருந்தே விசுக்கென்று நேர்மேலே கிளம்பிவிடும்.

பகலில் இப்படி ஏரியில் கிடக்கும் கூட்டம் இருட்டியதும் நெல் வயல்களுக்குப் போகும். சிந்திய நெல், களை விதை, இளங்குருத்து, பூச்சி, நத்தை எல்லாம் மேயும். நாற்று நட்ட வயலில் இறங்கினால் தின்பதைவிட மிதிப்பதால்தான் சேதம் என்று விவசாயிகள் சலித்துக்கொள்வார்கள். அது உண்மைதான். வாத்து வயலின் நண்பன் மட்டுமே, எந்தத் தொந்தரவும் இல்லாதது என்று எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு விஷயம். 1999இல் அமெரிக்காவின் இண்டியானாவில் நான்கு பச்சைத்தலை வாத்துகளை வரிசையாகத் தூங்கவைத்துப் பார்த்தார்கள். நடுவில் இருந்தவை பெரும்பாலும் இரு கண்ணையும் மூடித் தூங்கின. ஓரத்தில் இருந்தவை ஒரு கண்ணைத் திறந்துவைத்துத் தூங்குவது கூடுதலாக இருந்தது. அதுவும் வெளிப்புறத்தைப் பார்த்த கண். மூளையின் ஒரு பாதி தூங்க, மறுபாதி காவல் இருந்ததை மின்பதிவுகள் காட்டின. வரிசையின் ஓரத்தில் இருந்த வாத்தை நடுவில் வைத்தால் அதுவும் நிம்மதியாகத் தூங்கியது. கரையோரம் ஓய்வெடுக்கும் வாத்துக் கூட்டத்தைப் பைனாகுலரில் பார்க்கும்போது ஓரத்துப் பறவையின் கண்ணைத் தேடுவது இப்போது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது.

வடஇந்தியாவில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டிக் கூடு கட்டும் இந்தப் பறவை, தென்னிந்தியாவில் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில், ஏரி நிறையும் சமயத்தில் முட்டையிடுகிறது. நாள்காட்டியைவிடத் தண்ணீரை நம்பும் பறவை என்பதால் மழை தள்ளிப்போனால் இதுவும் தள்ளிப்போடும். மரத்தில் ஏறாது. கோரை, சம்புப் புதர், வரப்போரப் புல் எதுவானாலும் தரையில்தான் கூடு. புல்லை மடித்துக் குழிவாக்கி, தன் மார்பிலிருந்து பிடுங்கிய மென்தூவியை மெத்தையாகப் போடும். வழக்கமாக 7 முதல் 12 முட்டை. நாளுக்கு ஒன்றாக இட்டாலும் கடைசி முட்டைக்குப் பிறகுதான் முழுமையாக அடைகாக்கத் தொடங்கும் என்பதால் எல்லாம் ஏறத்தாழ ஒரே நாளில் பொரிக்கும். அடைகாப்பது பெண் மட்டும், சுமார் 24 நாள். இரை தேட எழுந்து போகும்போது தூவியால் முட்டைகளை மூடிவிட்டுப் போகும். சூடு ஆறாமல் இருக்கவும் ஆகும், காக்கை கண்ணில் படாமல் இருக்கவும் ஆகும். நாய், கீரி, உடும்பு என்று எதிரிகளுக்குக் குறைவில்லை.

ஓடு உடையும் முன்பே முட்டைக்குள்ளிருந்து குஞ்சு குரல் கொடுக்கும், தாய் பதில் சொல்லும். வெளியே வரும்போது அந்தக் குரல் ஏற்கெனவே பழகியது. குரல் எவ்வளவு முக்கியம் என்பதை ஆஸ்திரிய விலங்கியலாளர் கான்ராட் லோரன்ஸ் விசித்திரமான முறையில் கற்றுக்கொண்டார். அவர் வளர்த்த பச்சைத்தலை வாத்துக் குஞ்சுகள் அவரைத் தாயாக ஏற்க மறுத்தன. தாய் இடைவிடாமல் கத்திக்கொண்டிருக்கும் என்று உணர்ந்தவர், தானே 'குவாக் குவாக்' என்று கத்திக்கொண்டு தோட்டத்துப் புல்லில் குந்தியபடி நகர்ந்தார். நிமிர்ந்து நின்றாலோ வாயை மூடினாலோ குஞ்சுகள் அழுதன. வேலிக்கு வெளியே நின்ற சுற்றுலாப் பயணிகளுக்கு உயரமான புல்லில் குஞ்சுகள் தெரியவில்லை. தாடி வைத்த ஒரு பெரிய மனிதர் வாத்துபோலக் கத்திக்கொண்டு தவழ்வதுதான் தெரிந்தது. அவருக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது, விலங்கு நடத்தை ஆய்வுகளுக்காக, வேறு இருவரோடு சேர்ந்து.

பொரித்த ஒரு நாளைக்குள் குஞ்சுகள் தாயின் பின்னால் தண்ணீருக்கு நடக்கும். தாய் ஊட்டாது. நீர்ப்பூச்சிகளைத் தாமே பிடித்துத் தின்ன வேண்டும். கூடு வரப்பிலும் ஏரி சாலைக்கு அந்தப் பக்கத்திலும் இருந்தால் அந்த முதல் நடைதான் வாழ்க்கையிலேயே பெரிய ஆபத்து. ஆபத்து நெருங்கினால் சிறகு ஒடிந்ததுபோல் நடித்து நாயை வேறு பக்கம் இழுத்துப்போவது வாத்துத் தாய்களின் வழக்கம். லாரியிடம் அந்த நடிப்பு பலிக்காது.

குஞ்சு வளர்த்து முடித்த பிறகு பெரிய பறவைகளுக்கும் ஒரு கண்டம் உண்டு. காக்கையும் புறாவும் சிறகு இறகுகளை ஒவ்வொன்றாக உதிர்த்து மாற்றிக்கொள்ளும். வாத்துகள் எல்லாவற்றையும் ஒரேயடியாக உதிர்த்துவிடும். புதியது முளைக்க மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை பறக்க முடியாது. அந்த நாட்களில் கோரைப் புதர்தான் அதற்குச் சிறகு.

கோடையில் வெடித்துக் கிடந்த ஏரியில் மழை பெய்த சில வாரத்தில் மீன் எங்கிருந்து வருகிறது என்று ஊரில் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்போம். விரால் சேற்றுக்குள் கிடந்து பிழைக்கும், மற்றவை வாய்க்கால் வழியே வரும் என்பது வழக்கமான பதில். வாய்க்காலே இல்லாத குட்டைக்கு? 2020இல் ஹங்கேரிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில், பச்சைத்தலை வாத்துகளுக்குக் கெண்டை இன மீன் முட்டைகளைத் தின்னக் கொடுத்தார்கள். எச்சத்தில் உயிரோடு வெளிவந்தவை சுமார் 0.2 விழுக்காடுதான். ஆனால் அவற்றில் சில பொரித்தன. ஒரு மீன் லட்சக்கணக்கில் முட்டையிடுவதையும், வாத்துகள் குளம் குளமாகப் பறப்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 0.2 சின்ன எண் அல்ல. நீர்ச்செடிகளின் விதைகள் வாத்துகளின் வயிற்றில் ஊர் விட்டு ஊர் போவது அதற்கு முன்பே தெரிந்த விஷயம்.

உலக அளவில் புள்ளிமூக்கு வாத்து அழிவின் விளிம்பில் இல்லாத பறவை. வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை, கூந்தன்குளம், கோவைக் குளங்கள் என எங்கும் பார்க்கலாம். இதை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எனக்குக் கவலை துப்பாக்கியைப் பற்றி அல்ல, அந்த ஒரு முழத்தைப் பற்றி. பழைய ஏரிக்கு ஒரு பக்கம்தான் கரை. மற்ற பக்கங்களில் நிலம் மெல்லச் சரிந்து நீருக்குள் போகும். ஓடை வந்து சேரும் அந்த உள்வாய்ப் பகுதியில்தான் முழங்கால் தண்ணீரும் அல்லியும் கோரையும் இருக்கும். வாத்தின் குடித்தனம் முழுக்க அங்கேதான். இப்போது தூர்வாருவது என்றால் பல இடங்களில் நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டி, சுற்றிலும் கரை எழுப்பி, கல் பதித்து, நடைபாதை போட்டு, ஏரியைக் கிண்ணமாக்குவது என்று ஆகிவிட்டது. தண்ணீர் கூடுதலாக நிற்கும், சந்தேகமில்லை. தூர்வாருவதே கூடாது என்று சொல்பவன் அல்ல நான். தூர்ந்துபோன ஏரியில் வாத்துக்கும் வேலையில்லை. ஆனால் கிண்ணத்தில் இறங்கும் புள்ளிமூக்கு வாத்து ஒரு பகல் மிதந்துவிட்டுப் போய்விடும். அங்கே மேய்ச்சலும் கிடையாது, கூடும் கிடையாது.

உங்கள் ஊர் ஏரியில் வேலை நடக்கப்போகிறது என்றால் கிராம சபையில் எழுந்து இரண்டு விஷயம் கேளுங்கள்: ஓடை வந்து சேரும் பக்கத்தை மட்டும் சரிவாகவே விடச் சொல்லுங்கள், ஒரு மூலைக் கோரையை வெட்டாமல் இருக்கச் சொல்லுங்கள். மார்கழி, தையில் ஏரிச் சாலையில் போகும்போது ஒரு பழுப்பு வாத்தின் பின்னால் பத்துக் குஞ்சுகள் வரிசையாகக் கடந்தால் வண்டியை நிறுத்துங்கள். தனியாக நிற்கும் குஞ்சுகளைப் பாவம் என்று தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். தாய் பக்கத்துப் புதரில்தான் இருக்கும், நாம் நகர்ந்தால் வந்து அழைத்துக்கொள்ளும்.